குறைத்த எடை திரும்பி வராமலிருக்க...



எடையைக் குறைத்தவர்களைத் தேடி யாரும் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். மகள் திருமணத்துக்கு முன் பத்துக் கிலோ குறைத்த அம்மா இருப்பார். மருத்துவர் எச்சரித்ததால் மூன்று மாதம் சோற்றைத் தொடாமல் இருந்த அப்பா இருப்பார். ஆனால், குறைத்த எடையை ஐந்து ஆண்டுகள் கழித்தும் அப்படியே வைத்திருப்பவரைத் தேடினால்தான் சிரமம் தெரியும். எடையைக் குறைப்பது ஒரு வேலை. குறைத்ததைக் காப்பது வேறு வேலை. இவ்விரண்டும் ஒன்றே என்று நினைப்பதால்தான் பலர் தோற்றுப் போகிறார்கள். இன்றைய கருத்தரங்கில் அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நாட்டு நிலவரத்தைப் பார்ப்போம். மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 2011ஆம் ஆண்டில் பெரியவர்களில் 44.5 விழுக்காட்டினர் அதிக எடையோடு அல்லது உடல் பருமனோடு இருந்தார்கள். 2019இல் அது 50.1 விழுக்காடு ஆனது. 2023இல் 54.4 விழுக்காட்டை எட்டியது. இரண்டு பேரில் ஒருவருக்கும் மேல் என்பது கணக்கு. அதே 2023 ஆய்வில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் 15.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். உடல் பருமனிலும் சரி, நீரிழிவிலும் சரி, இந்த ஆய்வுகளில் முன்னணியில் நிற்பவர்கள் இந்தியர்கள். பெருமைப்படக்கூடிய முதலிடம் அல்ல இது. இரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வாரம் மூன்று முறை போய் வரும் உறவினர் இல்லாத குடும்பம் நம்மவர்களிடையே குறைந்துகொண்டே வருகிறது. அழகுக்காகவோ கண்ணாடிக்காகவோ மட்டும் பேசும் பேச்சல்ல இது. சிறுநீரகம், கண், கால், இருதயம் எல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன.

தோட்டத்துச் சோறும் நகரத்து நாற்காலியும்

இந்த நிலை எப்படி வந்தது? பால்மரக் காட்டில் வேலை செய்த தலைமுறை விடியுமுன் எழுந்து பெரட்டுக் களத்துக்குப் போனது. நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பிறகு அதே மரங்களுக்குத் திரும்பிப் போய்ப் பாலெடுத்து, வாளிகளைச் சுமந்து வந்தது. அந்த உடல் உழைப்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. சாப்பிட்டது அன்றைக்கே எரிந்து போனது.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் திடல்களாகவும் மாறின. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். வேலை மாறியது. தாத்தா மரம் சீவினார்; பேரன் லாரி ஓட்டுகிறார், பாதுகாவலராக உட்கார்ந்திருக்கிறார், கணினிக்கு முன் அமர்ந்திருக்கிறார். ஆனால் தட்டில் உள்ள சோற்றுக் குவியல் மட்டும் மாறவில்லை. அதோடு தாத்தா காலத்தில் தீபாவளிக்கு மட்டும் கிடைத்த ஆட்டிறைச்சிப் பிரட்டலும் பலகாரமும் இனிப்புப் பானமும் இப்போது வாரத்தில் எந்த நாளிலும் கிடைக்கின்றன. இரவு பதினோரு மணிக்கும் மாமாக் கடை திறந்திருக்கிறது. காற்பந்து ஆட்டம் முடியும்வரை ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வந்துகொண்டே இருக்கும். எனவே நம்மவர்களுக்கு மன உறுதி இல்லை என்று சொல்வது பாதி உண்மைகூட இல்லை. வாழ்க்கை முறை மாறிவிட்டது. சாப்பாட்டு முறை அதற்கேற்ப மாறவில்லை.

எது அளவு?

"எனக்கென்ன, கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறேன்" என்று சொல்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, அதை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் பொருண்மைக் குறியீடு. மேல்நாட்டாருக்கு 25க்கு மேல் போனால்தான் அதிக எடை என்பார்கள். ஆசிய மக்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதய நோயும் வருகின்றன என்பதால், 2004ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 23, 27.5 ஆகிய எண்களை ஆசியர்களுக்கான எச்சரிக்கைக் கோடுகளாகச் சொன்னது. அதன்படி 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 59 கிலோவைத் தாண்டும்போதே கவனம் தேவை. 70 கிலோவைத் தாண்டினால் ஆபத்து அதிகம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு இந்த எண்கள் சுமார் 66, 79 கிலோ.

தராசைவிட எளிய கருவி ஒன்று தையல் பெட்டியிலேயே இருக்கிறது. அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பார்க்கலாம். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. கையும் காலும் மெலிந்திருந்து வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும் உடல்வாகு நம்மவர்களிடம் அதிகம். வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் அதிகத் தொல்லை தருவது.

ஏன் திரும்பி வருகிறது?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்று ஒரு போட்டி நிகழ்ச்சி பெரும் புகழ் பெற்றது. மிகப் பருமனானவர்களை ஒரே இடத்தில் தங்க வைத்து, கடுமையான உடற்பயிற்சியும் குறைந்த உணவும் கொடுத்து, யார் அதிகம் எடை குறைக்கிறார் என்று பார்ப்பார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அது அற்புதமாகத் தெரிந்தது. ஆனால் கேமரா அணைந்த பிறகு என்ன நடந்தது? அமெரிக்க தேசிய சுகாதார ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் அந்தப் போட்டியாளர்களில் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். போட்டியின்போது அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிட முக்கியமான செய்தி வேறு. அவர்களுடைய உடல், ஓய்வாக இருக்கும்போது எரிக்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. சுருக்கமாகச் சொன்னால், ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் அந்த உடல் சிக்கனப் பழக்கத்தை விடவில்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள் 2011இல் மற்றொரு பக்கத்தைக் காட்டினார்கள். பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களின் இரத்தத்தை ஓராண்டு கழித்துச் சோதித்தபோது, பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் இன்னும் கூடுதலாகவும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன்கள் இன்னும் குறைவாகவும் இருந்தன. அவர்களுக்குப் பசி உண்மையாகவே அதிகமாக இருந்தது.

இதைக் குடும்பத்தினர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். எடை திரும்பி வந்தவரைப் பார்த்து, "நாக்கை அடக்கத் தெரியவில்லை" என்று சொல்வது நம் வீடுகளில் சாதாரணம். மருமகளைப் பார்த்துச் சொல்வார்கள். வளரும் பெண்பிள்ளையை விருந்தாளிகள் முன்னால் சொல்வார்கள். அந்தச் சொல் யாரையும் மெலிய வைத்ததில்லை. கூட்டத்தில் சாப்பிடாமல் இருந்து, பிறகு தனியாக அடுப்படியில் நின்று சாப்பிடும் பழக்கத்தைத்தான் அது உண்டாக்குகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து உடல் தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த உடலோடு சண்டை போட்டு வெல்வது கடினம். அதற்குத் தெரியாமல், மெதுவாகப் பழக்கத்தை மாற்றுவதே நடக்கக்கூடிய காரியம்.

விரதம் முடிந்த மறுநாள்

நம்மவர்களுக்குக் கட்டுப்பாடு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தைப்பூசத்துக்கு முன் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விரதம் இருந்து பால்குடமும் காவடியும் எடுப்பவர்கள் பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் கல்லுமலையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். புரட்டாசி மாதம் முழுவதும் மச்சம் தொடாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு நோக்கம் இருந்தால் நாக்கைக் கட்டும் ஆற்றல் நம்மிடம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் விரதத்துக்கு முடிவு நாள் ஒன்று இருக்கிறது. அது இருக்க வேண்டியதுதான். விரதத்தின் நோக்கம் பக்தி. சிக்கல் எங்கே என்றால், எடை குறைப்பையும் விரதம்போலவே எடுத்துக்கொள்வதில்தான். "இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும்" என்று தொடங்கினால், மூன்றாவது மாதத்தின் முதல் நாள் பழைய சாப்பாடு திரும்பி வரும். அதன் பின்னாலேயே பழைய எடையும் வரும். முடிவு நாள் குறிக்கப்பட்ட எந்த உணவுத் திட்டத்துக்கும் இதுதான் கதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சைவச் சாப்பாடு என்றாலே எடை குறையும் என்பதில்லை. வாழை இலையில் இரண்டு முறை சோறு, பொரித்த அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், வடை, கடைசியில் ஜவ்வரிசிப் பாயசம் என்று போனால், விரத மாதத்திலேயே எடை கூடலாம்; பலருக்குக் கூடவும் செய்கிறது.

எந்த உணவுத் திட்டம் நல்லது?

கொழுப்பைக் குறைப்பதா, சோற்றைக் குறைப்பதா என்று பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கொழுப்பு குறைந்த உணவும், மறு பிரிவினருக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்திருந்தார்கள். சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெரிய வேறுபாடு இருந்தது. சிலருக்கு நிறையக் குறைந்தது, சிலருக்குக் கூடவே செய்தது.

இதிலிருந்து தெரிவது எளிமையானது. பத்து ஆண்டுகள் கழித்தும் தொடரக்கூடிய உணவு முறை எதுவோ, அதுதான் அவரவருக்கு நல்ல உணவு முறை. சோறில்லாமல் ஒரு வாரம்கூட இருக்க முடியாதவர் சோற்றை அடியோடு நிறுத்துவதில் பொருளில்லை. அளவைப் பாதியாக்கினால் அதை ஆயுள் முழுவதும் தொடரலாம்.

தட்டிலும் கோப்பையிலும்

மலேசிய சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று ஒரு வழியைப் பரப்பி வருகிறது. கால், கால், அரை என்பது அதன் பொருள். தட்டில் கால் பகுதி சோறு அல்லது மாவு உணவு. கால் பகுதி மீன், கோழி, முட்டை, பருப்பு போன்ற புரதம். மீதிப் பாதி காய்கறியும் பழமும். தமிழர் சமையலில் இதற்கு எந்தப் பொருளும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, பயிற்றங்காய், வெண்டைக்காய், பூசணி, முட்டைக்கோஸ் எல்லாம் ஏற்கெனவே வீட்டில் சமைப்பவைதாம். இப்போது தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் இரண்டு கரண்டி காயும் இருக்கின்றன. இரண்டையும் இடம் மாற்றினால் போதும். சோற்றுக் கரண்டியைச் சிறியதாக மாற்றுவதும், முதலில் காயையும் குழம்பில் உள்ள மீனையும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சோறு போடுவதும் பலருக்குக் கைகொடுக்கும் வழிகள். உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் சேராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அது சோற்றின் பக்கம்.

எண்ணெயை ஊற்றும்போது போத்தலைச் சாய்ப்பதற்குப் பதிலாகக் கரண்டியால் அளந்து ஊற்றலாம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு 4 கலோரிதான். தேங்காய்ப்பால் குழம்பை அடியோடு விட வேண்டாம். வாரம் ஐந்து நாள் வைப்பதை இரண்டு நாளாக்கலாம்.

பலர் கணக்கில் சேர்க்காமல் விடுவது கோப்பையில் இருப்பதை. கெட்டிப்பால் ஊற்றிய ஒரு தே தாரிக்கில், அளவைப் பொறுத்து, 150 முதல் 200 கலோரி வரை இருக்கும். ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று மூன்று கோப்பை குடித்தால், பசியாறாமலேயே ஒன்றரை ரொட்டி சானாய்க்கும் மேல் உள்ளே போய்விடுகிறது. ஆனால் வயிறு அதைச் சாப்பாடாக எடுத்துக்கொள்வதில்லை. மதியம் அதே பசி எடுக்கும். 'குராங் மானிஸ்' என்று சொல்லப் பழகி, பிறகு 'தே ஓ', பிறகு 'தே ஓ கோசோங்' என்று சில வாரங்களில் இறங்கி வருவது எளிது. நாக்கு சீக்கிரமே பழகிக்கொள்ளும். இனிப்புப் பானங்களின் மீது மலேசிய அரசு 2019 ஜூலையில் வரி விதித்ததும், சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பானங்களின் மேல் சர்க்கரை அளவுக்கேற்ப 'ஏ' முதல் 'டி' வரை தரக்குறியீடு வந்ததும் இந்தக் காரணத்தால்தான்.

தூக்கத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும். அதுவும் இனிப்பையும் பொரித்ததையும் தேடும் பசி. இரவு வேலை செய்யும் தொழிற்சாலை ஊழியர்களுக்கு இது பெரிய சோதனை. வேலை முடிந்து வரும் வழியில் கடையில் நாசி லெமாக் வாங்குவதற்குப் பதிலாக, வீட்டிலிருந்தே சாப்பாடு எடுத்துச் சென்று வேலை நேரத்தின் முற்பகுதியில் உண்பது நல்லது.

காத்துக்கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள்?

தோற்றவர்களைப் பற்றியே பேசாமல் வென்றவர்களையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஓராண்டாவது காத்தவர்கள் மட்டுமே அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவர்கள் எடையைக் குறைத்த வழிகள் பலவிதம். சிலர் விரைவாகவும் சிலர் பல ஆண்டுகள் எடுத்தும் குறைத்தார்கள். ஆனால் காத்த வழிகள் பெரும்பாலும் ஒன்றுபோல இருந்தன. 78 விழுக்காட்டினர் தினமும் காலையில் பசியாறுகிறார்கள். 75 விழுக்காட்டினர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். 62 விழுக்காட்டினர் வாரத்தில் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகவே தொலைக்காட்சி பார்க்கிறார்கள். தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இதைச் சொல்வது விந்தைதான் என்றாலும் உண்மையை மறைக்க முடியாது. 90 விழுக்காட்டினர் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அவர்களில் அதிகம் பேர் செய்யும் பயிற்சி நடைதான்.

உடற்பயிற்சியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அரை மணி நேரம் விரைந்து நடந்தால் 70 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 130 கலோரி எரியும். ஒரு தே தாரிக் குடித்தால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். ஆகவே எடையைக் குறைப்பதில் பெரிய பங்கு தட்டுக்கு. குறைத்ததைக் காப்பதில் பெரிய பங்கு காலுக்கு. அரை மணியில் தொடங்கி, மெல்ல மெல்ல ஒரு மணி நேரம்வரை கொண்டுபோகலாம். தாமான் திடலைச் சுற்றி மாலையில் கணவனும் மனைவியும் சேர்ந்து நடக்கலாம். மழை பெய்தால் பேரங்காடிக்குள் நடக்கலாம். மூன்றாவது மாடி வரைக்கும் மின்தூக்கி வேண்டாம் என்று முடிவு செய்யலாம்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

கல்யாணத்தின்போது இருந்த எடைக்கே திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் பாதி வழியில் சோர்ந்து விடுகிறார்கள். அவ்வளவு தேவையில்லை. அமெரிக்காவில் நீரிழிவின் எல்லையில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது, வாரத்தில் 150 நிமிடம் உடலை அசைப்பது என்பவையே இலக்கு. அந்தப் பிரிவினரில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 31 விழுக்காடே குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோதான்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு சான்று உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் இதுபோன்ற ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட பிரிவில் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தராசு முள் நகரவில்லை என்றாலும் நல்ல பழக்கம் உள்ளே வேலை செய்கிறது. ஆறு மாதத்தில் எடை குறைவது நின்றுவிட்டது என்று மனம் உடைந்து எல்லாவற்றையும் விட்டுவிடுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ என்பது நிதானமான வேகம். இன்சுலின் ஊசி போடுபவர்கள், நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்கக் கூடாது; இரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும் தாங்களாக எதையும் தொடங்கக் கூடாது.

குறுக்கு வழிகள்

2002ஆம் ஆண்டு சிங்கப்பூரை உலுக்கிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். தொலைக்காட்சிக் கலைஞர் ஆண்ட்ரியா டி குரூஸ் 'ஸ்லிம் 10' என்ற மெலிவு மாத்திரையை உட்கொண்டு ஈரல் செயலிழந்து உயிருக்குப் போராடினார். அவரை மணக்கவிருந்த நடிகர் பியர் பங் தம் ஈரலின் ஒரு பகுதியைக் கொடுத்ததால் அவர் பிழைத்தார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண்மணி உயிரிழந்தார். இருதயத்துக்குக் கேடு என்பதால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்து, அதற்குப் பிறகும் 'இயற்கை மூலிகை' என்ற பெயரில் விற்கப்படும் மெலிவுக் கோப்பிகளிலும் மாத்திரைகளிலும் கண்டுபிடிக்கப்பட்டு வருகிறது. தோழி விற்கிறார், கைப்பேசியில் விளம்பரம் வந்தது என்பதற்காக வாங்கிக் குடிப்பது ஆபத்து. பொட்டலத்தில் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பதும், மருந்தாளரிடம் கேட்பதும் காசில்லாமல் செய்யக்கூடிய காரியங்கள்.

அண்மைக் காலத்தில் வந்துள்ள ஊசி மருந்துகள் இவற்றோடு சேர்ந்தவை அல்ல. அவை முறையாக ஆராயப்பட்டவை. செமாகுளுடைட் என்ற மருந்து பற்றி 2021இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாகச் சுமார் 15 விழுக்காடு எடை குறைந்தது. மருத்துவர் தேவை என்று முடிவு செய்தால் அதை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் காக்கும் வேலை மிச்சமிருக்கிறது.

வீடு முழுவதும் மாறினால்தான்...

நம் வீடுகளில் சமைப்பவர் பெரும்பாலும் அம்மா. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுபவரும் அவர்தான். மீந்த சோற்றைக் கொட்ட மனமில்லாமல் தம் வயிற்றில் போட்டுக்கொள்பவரும் அவர்தான். அவருக்கு நீரிழிவு என்று தெரிந்ததும் என்ன நடக்கிறது? குடும்பத்துக்கு ஒரு சமையல், தமக்கு ஒரு சமையல் என்று இரண்டு அடுப்பு எரிகிறது. இரண்டு வாரத்தில் அலுத்துப்போய், எல்லாருக்கும் வைத்ததையே தாமும் சாப்பிடத் தொடங்கிவிடுகிறார். பிறகு, "சொன்னால் கேட்க மாட்டார்" என்று பிள்ளைகள் குறை சொல்கிறார்கள்.

ஒருவருக்காக வீடே மாறினால் இந்தச் சிக்கல் இல்லை. நோயுள்ளவருக்கு நல்ல சாப்பாடு நோயில்லாதவருக்கும் நல்லதுதான். அளவாக அரிசி போட்டால் சோறு மீறாது. கணவர் மாலையில் பாத்திரம் கழுவினால் மனைவிக்கு நடக்க அரை மணி நேரம் கிடைக்கும். பிள்ளைகள் தோம்பில் மண்ணைக் கிளறி ஒரு கீரைப் பாத்தி போட்டால் அதுவும் உதவிதான். பிறருக்கு எப்போதும் நேரம் ஒதுக்கும் பெண்மணி தமக்கென்று ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வதைத் தன்னலம் என்று யாரும் சொல்லக் கூடாது. அவர் படுத்துவிட்டால் அந்த வீடு என்னவாகும் என்பதை எல்லாரும் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.

தீபாவளி வரும், திறந்த இல்ல உபசரிப்பு வரும், ஒரே மாதத்தில் நான்கு திருமண அழைப்பிதழ் வரும். யாரும் முறுக்கைத் தொடாமல் இருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் விருந்தால் எடை ஏறுவதில்லை. விருந்துக்குப் பிறகு, "எப்படியும் கெட்டுவிட்டது" என்று விட்டுவிடும் முப்பது நாளால்தான் ஏறுகிறது. அதற்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். குறைத்துச் சேர்ந்த எடையிலிருந்து இரண்டு கிலோ கூடினால், அன்றே பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு கிலோவை இறக்குவது ஒரு மாத வேலை. பன்னிரண்டு கிலோ ஏறும்வரை தராசைப் பார்க்காமல் இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், காலையில் பசியாறும் முன் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ண வேண்டும் என்று 'மருந்து' என்ற அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் புதிய மந்திரம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இந்த வாரம் ஒரே ஒரு மாற்றத்தைத் தொடங்கினால் போதும்: இனிப்பில்லாத தேநீராக இருக்கலாம், சிறிய சோற்றுக் கரண்டியாக இருக்கலாம், இருபது நிமிட நடையாக இருக்கலாம். அது பழகிய பிறகு அடுத்தது. ஓராண்டில் ஐந்து கிலோ குறைந்து, பத்தாவது ஆண்டிலும் அது திரும்பாமல் இருந்தால், அந்தக் குடும்பத்தில் ஒருவர் பேரப்பிள்ளையின் திருமணத்துக்குத் தம் சொந்தக் காலால் நடந்து போவார்.